கரண்டு போயிருச்சுங்ணா

என்ற அண்ணன் கம்பத்துல ஏறற வேலைக்குப் போன நாள்ல இருந்து எனக்குக் காத்துன்னாலே பயம். மத்தவங்களுக்கு ஆடி வந்தா நோம்பி, ஊஞ்சல், சீர். எனக்கு ஆடின்னா காத்து மட்டுந்தான். எங்கியாவது ஒரு தகரம் தடதடன்னு ஆடுனாப் போதும், எந்தத் தெருவுல எந்த வயரு அறுந்துச்சோ, அவர எந்தக் கம்பத்துல ஏத்தி விட்டிருக்காங்களோன்னு மனசு அங்க ஓடீரும். செல்போன்ல தெரியாத நம்பர் வந்தா எடுக்கறதுக்கு முன்னால ஒருதரம் செத்துப் பொழைப்பேன். எடுத்தா பனியன் கம்பெனி மேனேஜரா இருப்பாரு. "தெச்ச பீஸ் எப்பங்க வரும்?"பாரு. அந்த மனுசன் மேல எனக்கு வர்ற கோவம் இருக்குதே, அவரு பண்ணுன தப்பு என்னன்னு அவருக்கே தெரியாது.

அண்ணன் லைன்மேன். அப்பன் போனதுக்கப்பறம் என்னப் படிக்க வெச்சு, மாப்பிள்ள பாத்து, கட்டிக் குடுத்தது அவருதான். அவரோட ஊடு எங்க ஊட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. எங்க ஏரியாவும் அவரு பார்க்கிற ஏரியாவுக்குள்ளதான் வரும். அதனால எங்க தெருவுல பியூஸ் போனாலும், மரக்கெள விழுந்தாலும் அவருதான் ஏணியத் தூக்கிட்டு வருவாரு. நான் மாடியில நின்னுட்டு அவரு எறங்கற வரைக்கும் முருகா முருகான்னுட்டிருப்பேன். "ஏங் கண்ணு, உனக்கு வேற சோலியே இல்லியா? நீ பாக்கறதப் பாத்தா எனக்கே கால் நடுங்குது"ன்னு மேல இருந்தே கத்துவாரு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயின்னு சும்மாவா சொன்னாங்க. எனக்குக் கம்பமெல்லாம் பேய்தான்.

எங்க ஊட்டு மாடியில ஆறு மிசின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தெச்சிட்டிருந்தேன். கொழந்தைங்க பனியன், கழுத்துப் பட்டி, கைப்பட்டி. என்ற ஊட்டுக்காரரு வேற ஒரு கம்பெனியில கட்டிங் மாஸ்டர். காலையில போனா பொழுதோடதான் வருவாரு. அதனால மாடி பூரா என்ற ராஜ்யம். திட்டறதும் நான்தான், டீ வாங்கிக் குடுக்கறதும் நான்தான்.

அப்பத்தான் கரண்டு கட்டு ஆரம்பிச்சுது. ரெண்டாயிரம் பொறந்து ஏழெட்டு வருசம் ஆயிருக்கும். இன்ன நேரத்துக்குப் போகும்னு ஒண்ணு சொல்லுவாங்க, அது ஒரு நேரத்துக்குப் போகும். ஒரு பக்கம் பீஸக் கேட்டுக் கழுத்த நெரிப்பாங்க, இன்னொரு பக்கம் ஆறு மிசினும் பொணமாட்ட உக்காந்திருக்கும். பெரிய கம்பெனிக்காரங்களுக்குக் கவல இல்ல. உடுமலப் பக்கம், மடத்துக்குளம் போற வழி பூரா அவங்களோட காத்தாடி சுத்துது. நான் வெறுக்கற காத்து அவங்களுக்குக் கரண்டாக் குடுத்துச்சு. சின்னக் கம்பெனிக்காரங்க ஜெனரேட்டர் வாங்குனாங்க. எங்க தெருவுல மட்டும் நாலு. கரண்டு போன மறு நிமிசம் தெருவே ரைஸ் மில்லாட்டம் கத்தும்.

எனக்கு ஜெனரேட்டர்னா ஆகவே ஆகாது. பொக, நாத்தம் இதெல்லாம் பெருசில்ல. அண்ணன் ஒருநாள் சோறு திங்க உக்காந்தவரு கையில எடுத்த சோத்த அப்படியே வெச்சுட்டுச் சொன்னாரு. அவரு கூட வேல பாத்தவர் ஒருத்தரு, லைன் ஆஃப் பண்ணிட்டுத்தான் கம்பத்துல ஏறியிருக்காரு. யாரோ ஒருத்தரு ஊட்டுல மெயினக்கூட இறக்காம ஜெனரேட்டரப் போட்டிருக்காங்க. அந்தக் கரண்டு வந்த வழியிலயே திரும்பிக் கம்பத்துக்குப் போயி அவர அடிச்சிருச்சு. "நாம ஆஃப் பண்ணுன கரண்ட நம்பலாங் கண்ணு. அடுத்தவன் ஜெனரேட்டர் எங்க ஓடுதுன்னு யாரு கண்டா?"ன்னாரு. அன்னைக்கே நான் முடிவு பண்ணுனது, தலையே போனாலும் எங்க ஊட்டுல ஜெனரேட்டர் ஏறக் கூடாது.

அதனாலதான் சோலார். நல்லாக் கேட்டுக்குங்க, அண்ணனுக்காகத்தான் நான் சோலார் போட்டேன். கோயமுத்தூருல ஒரு கடையில சொன்னாங்க, மொட்டமாடியில கண்ணாடித் தட்டு நாலு, கீழ பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர், ரெண்டு மிசினும் லைட்டும் ஓடும்னு. சத்தம் கெடையாது, பொக கெடையாது. வெய்யலுக்கு எங்க ஊர்ல பஞ்சமா? வெய்யல்ல காயப் போட்ட துணி ஷாக்கா அடிக்குதுன்னு நெனச்சேன். சிரிக்காதீங்க. நெசமாலுமே அப்படித்தான் நெனச்சேன். வெய்யல்ல வர்ற கரண்டு சாதுன்னு எனக்கு ஒரு எண்ணம்.

தட்டு ஏத்துனப்ப தெருவே வேடிக்க பாத்துச்சு. "ஏனுங்க, மாடியில டிவி வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டவங்க உண்டு. வயரிங் பண்ணுனவரு தெக்கத்திக்காரரு, திருநெல்வேலிப் பக்கம். ஊட்டு மெயின் சுவிச்சுக்குப் பக்கத்துலயே அதே மாதிரி இன்னொரு சுவிச்ச மாட்டுனாரு. "எக்கா, கரண்டு போச்சுன்னா மெயின இறக்கிட்டு இத ஏத்துங்க. வந்துச்சுன்னா இத இறக்கிட்டு மெயின ஏத்துங்க. அம்புட்டுதான்"னாரு.

"ரெண்டும் ஏறியிருந்தா?"ன்னு கேட்டேன்.

"கரண்டு வந்து மோதி இன்வெர்ட்டர் பொசுங்கிரும்லா"ன்னாரு.

எனக்கு அது ஒண்ணுதான் மண்டையில ஏறுச்சு. கரண்டு வந்துரும், இன்வெர்ட்டர் போயிரும். அண்ணன் தெருவுல போறப்ப மேல பாத்து, "சோலாருக்குத் தனி லைன் இழுத்திருக்குதா கண்ணு?"ன்னு கேட்டாரு. "ஆமாங்ணா, எல்லாம் தனிதான்"னேன். தனி லைனுன்னா என்னன்னு எனக்குத் தெரியாது. தட்டு தனியா இருந்துச்சு, பேட்டரி தனியா இருந்துச்சு, சொல்லிட்டேன். எங்க பக்கம் பெரியவங்க எதக் கேட்டாலும் ஆமாங்கங்கறது வாயில மொதல்ல வந்துரும், அர்த்தம் பின்னாலதான் வரும். "நல்ல காரியம் பண்ணுன கண்ணு. காத்தடிக்கற மாசம் முடியட்டும், வந்து பாக்கறேன்"னுட்டுப் போனாரு.

இன்னொண்ணும் சொல்லோணும். எங்க மாடியில கரண்டுன்னா அது கம்பத்துல இருந்து வர்றது மட்டுந்தான். சோலார்ல மிசின் ஓடிட்டிருக்கும், தலைக்கு மேல டியூப்லைட் எரியும், கீழ இருந்து யாராவது "கரண்டு இருக்குதுங்களா?"ன்னு கேட்டா, "இல்லீங்க, போயிருச்சுங்க"ம்போம். வெளிச்சத்துல நின்னுட்டே சொல்லுவோம். யாருக்கும் அது பொய்யாத் தெரியல. ஒரிசாவுல இருந்து வந்த டெய்லர் ஒருத்தரு எங்ககிட்ட இருந்தாரு, வயசு நாப்பது இருக்கும். அவருக்கு மட்டும் அது வெளங்கவே இல்ல. மிசினத் தட்டிக் காமிச்சு, "கரண்ட் ஹை அக்கா, கரண்ட் ஹை!"ம்பாரு, கரண்டு இருக்குதுங்கறத இந்தியில. எல்லாரும் சிரிப்போம். "அது கரண்டு இல்ல, சோலாரு. தைங்க"ம்பேன்.

அந்த ஆடியில ஒருநாள் காலையில நல்ல காத்து. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், முருங்க மரம் என்ன பண்ணும்? எதுத்த ஊட்டு முருங்கக்கெள மடமடன்னு ஒடிஞ்சு எங்க சர்வீஸ் வயரு மேல விழுந்துச்சு. கம்பத்துப் பக்கம் வயரு அறுந்து, எங்க ஊட்டுல இருந்து தெருவுல தொங்குச்சு. மாடியில மிசினெல்லாம் நின்னுபோச்சு. மத்த ஊட்டுலயெல்லாம் கரண்டு இருக்குது, எங்களுக்கு மட்டும் இல்ல.

அன்னைக்கு மத்தியானத்துக்குள்ள பீஸ் போயாகோணும். போர்டுகிட்டப் போனேன். கை பழக்கத்துல மெயினுக்குத்தான் போச்சு. அந்த மெயின் கைப்பிடி இருக்குதே, துருப்புடிச்ச மூதேவி, இறக்கி ஏத்துனா தோள்பட்ட ரெண்டு நாளைக்கு வலிக்கும். கைய வெச்சவ யோசிச்சேன். வயரே அறுந்து தெருவுல கெடக்குது, கரண்டு எங்கிருந்து வந்து மோதும்? இத எதுக்கு இறக்கறது? எனக்கு அப்ப என்னையப் பத்திப் பெருமையாக்கூட இருந்துச்சு, ரொம்ப புத்திசாலின்னு. மெயின அப்படியே விட்டுட்டு சோலாரு சுவிச்ச ஏத்துனேன். லைட் எரிஞ்சுது. ஒரிசாக்காரரு மிசின ஓட்ட ஆரம்பிச்சாரு.

கரண்டு வர்றதப் பத்தித்தான் நான் பயந்தேன். போறதப் பத்தி எனக்கு நெனப்பே வரல.

அப்பறம் அண்ணனுக்குப் போன் பண்ணுனேன். ஆபீசுக்குப் பண்ணியிருக்கலாம். வேற யாராவது வந்திருப்பாங்கன்னு இப்ப நெனைக்கறதும் பாவந்தான், அவங்களும் ஒரு தங்கச்சிக்கு அண்ணந்தானே. ஆனா நெனைக்கறேன். அவரு வர்ற வரைக்கும் அந்த வயரு தெருவுல கெடந்துச்சு. தண்ணிக் குடத்தோட ஒரு பொம்பள தயங்கி நின்னா. "கரண்டு இல்லீங்க, தாண்டிப் போங்க"ன்னு நானே மேல இருந்து சொன்னேன். ரெண்டு கொழந்தைங்க பள்ளிக்கூடப் பையோட தாண்டுச்சு. இன்னைக்கும் துணி மடிச்சிட்டிருக்கறப்ப அந்த ரெண்டு கொழந்தைங்களோட காலு கண்ணுக்குள்ள வருது. மடிக்கறத நிறுத்திட்டு உக்காந்துக்குவேன்.

அண்ணன் வந்தாரு, கூட அவரோட வேல பாக்கற பெரியவர் ஒருத்தரு. அண்ணன் கம்பத்துப் பெட்டியில எங்க லைனோட பியூஸப் புடுங்கித் தன்ற சட்டப் பையில போட்டுக்கிட்டாரு. இடுப்புல கயிறக் கட்டுனாரு. வயர ரப்பர் இருக்கற பக்கமாப் புடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு ஏணியில கால வெச்சவரு, மாடியில நிக்கற என்னப் பாத்துக் கேட்டாரு.

"ஏங் கண்ணு, உள்ள கரண்டு இருக்குதா?"

"இல்லீங்ணா. போயிருச்சுங்ணா."

எங்கிட்டப் பொய் இல்ல. நெசமாலுமே போயிருந்துச்சு. என்ற மாடியில இருந்து மெயின் வழியாப் போயி, அவரு தோள்ல கெடந்த வயரு முனையில நின்னுட்டிருந்துச்சு.

ஏறுனாரு. நான் முருகா முருகான்னுட்டிருந்தேன். கம்பத்துல கயிறப் போட்டுக் கட்டிக்கிட்டாரு. வயரு முனையிலிருந்த ரப்பரச் சீவிட்டு, நல்லாப் புடிக்கறதுக்கு வலது கையுறையக் கழட்டிப் பாக்கெட்டுல சொருகுனாரு. கைய வெச்சாரு. அவ்வளவுதான். ஒரு சத்தம் வந்துச்சு அவரு தொண்டையில இருந்து. அது மனுசக் கொரலே இல்ல. ஒடம்பு வெறகாட்டம் வெறச்சுப் போச்சு. கை வயர விடல.

அடுத்த ஊட்டுக்காரங்க ஜெனரேட்டர்னுதான் நெனச்சேன், தெரு பூரா கரண்டு இருக்கறதுகூட நெனப்புல இல்ல. கீழ நின்ன பெரியவரு மேல பாத்துக் கத்துனாரு, "யாரு ஊட்டுல ஜெனரேட்டர் ஓடுது? நிறுத்துங்க, நிறுத்துங்க!"

"எங்ககிட்ட ஜெனரேட்டர் இல்லீங்க!"ன்னு நானும் திரும்பக் கத்துனேன். அண்ணன் கம்பத்துல துடிச்சிட்டிருக்கறாரு, நான் மரியாதையா ங்க போட்டுப் பதில் சொல்லிட்டு நிக்கறேன். எவ்வளவு நேரம்னு தெரியல. அஞ்சு எண்ணியிருப்பீங்களா, பத்து எண்ணியிருப்பீங்களா. அப்பத்தான் என்ற முதுகுக்குப் பின்னால மிசின் ஓடற சத்தம் காதுல விழுந்துச்சு. கடகடகடன்னு. ஒரிசாக்காரரு தலையக் குனிஞ்சிட்டுக் கைப்பட்டி தெச்சிட்டிருக்கறாரு. மிசின் ஓடுது. லைட் எரியுது. கரண்ட் ஹை.

ஓடுனேன். துணிக்கட்டுல தடுக்கி விழுந்து எந்திரிச்சு அந்தச் சுவிச்ச இறக்குனேன். மிசின் நின்னுச்சு. திரும்பி வந்து பாத்தா அண்ணன் இடுப்புக் கயித்துல தலகீழாட்டம் தொங்கறாரு, கைரெண்டும் கீழ ஆடுது. பெரியவரு ஏணியில ஏறிட்டாரு. தெரு பூரா ஆளுங்க. யாரோ ஒருத்தரு சரக்கு ஏத்தற வேன எடுத்துட்டு வந்தாரு. பனியன் மூட்டைங்களுக்கு நடுவுல அவரப் படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போனோம். என்ற மடியில அவரு தல. மூச்சு இருக்குதா இருக்குதான்னு மூக்குகிட்ட வெரல வெச்சுப் பாத்துட்டே போனேன். வேன் குலுங்குன குலுக்கல்ல எனக்கு ஒண்ணும் தெரியல.

உயிர் இருக்குதுன்னாங்க. ஆனா கரண்டு ஒடம்புக்குள்ள போயிருக்கறதால ரெண்டு நாள் போகாம எதையும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அண்ணி ஓடியாந்தாங்க. கையில மாவு காஞ்சு போயிருந்துச்சு, கழுவக்கூட இல்ல. "யாரு ஊட்டுக் கரண்டு? எந்தப் பாவி?"ன்னு கேட்டாங்க. வராண்டாவுல எல்லாரும் என்னப் பாத்தாங்க.

"எங்க ஊட்டுதுங்க அண்ணி"ன்னேன்.

என்ன அடிச்சிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. அவங்க விலகிப் போயி அக்கட்டால இருந்த பெஞ்சுல உக்காந்துக்கிட்டாங்க. ரெண்டு நாள் நாங்க ரெண்டு பேரும் அப்படியே ஆளுக்கொரு பெஞ்சுல இருந்தோம். கதவு தொறக்கறப்பெல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிப்போம், ஒண்ணா உக்காருவோம். பயம் ஒண்ணுதான் எங்களுக்குப் பொதுவா இருந்துச்சு. அதுக்கு நடுவுல ஒரு நர்சம்மா வந்து அவரோட சட்டையையும், பாக்கெட்டுல இருந்ததையும் என்ற கையில குடுத்துட்டுப் போனாங்க. ஒரு கையுறை. பியூஸ் கட்ட. ஒரு டெஸ்டர்.

அந்த டெஸ்டர வெச்சுட்டு ரொம்ப நேரம் பாத்தேன். வயரு முனையில வெச்சா அதுக்குள்ள சின்ன லைட் எரியும். கரண்டு இருக்குதா இல்லியான்னு சொல்லீரும். அவரு நெஞ்சுக்கு மேலயே இருந்திருக்குது. ஏன் வெச்சுப் பாக்கலன்னு எனக்குப் புரியல. பத்து வருசத்துக்கு மேல கம்பத்துல ஏறறவரு.

அண்ணன் பொழச்சுக்கிட்டாரு. வலது கையில ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. மீதி வெரலும் மடங்காது. இனி ஏணியப் புடிக்க முடியாது, ஆபீசுல உக்கார வெச்சுட்டாங்க. அவரு கம்பத்துல ஏறவே கூடாதுன்னு நான் வேண்டாத கோயில் இல்ல. நெறவேறுன லட்சணத்தப் பாருங்க. பூண்டிக் கோயிலுக்கு நேந்துக்கிட்டதுகூட இன்னும் செலுத்தல, போறதுக்குக் கூச்சமா இருக்குது.

நான் மொதல்ல பண்ணுன காரியம், தட்டக் கழட்டச் சொன்னது. தெருவுலயும் அதத்தான் சொன்னாங்க. சோலார் போட்டா ஆளு சாவாங்கன்னு ஒரே பேச்சு. போடறேன்னு இருந்த ரெண்டு பேரும் ஜெனரேட்டருக்குப் போயிட்டாங்க. அண்ணன்தான் தடுத்தாரு. "தட்டு என்ன பாவம் பண்ணுச்சு? ரெண்டு சுவிச்சு வெச்சதுதான் தப்பு. ஒண்ணு ஏறுனா இன்னொண்ணு தானா எறங்கற மாதிரி ஒரே சுவிச்சு இருக்குது, சேஞ்ச் ஓவர்னு. அத மாட்டிரலாம்"னாரு. வயரிங் பண்ணுன தெக்கத்திக்காரரு அழுதுட்டே வந்தாரு. அவர நான் திட்டோணும்னுதான் வெச்சிருந்தேன், டீதான் வாங்கிக் குடுத்தேன். திட்டறதுக்கு எனக்கு என்ன யோக்கியத இருக்குது?

மாட்டற அன்னைக்கு அண்ணனும் வந்தாரு, கட்டுப் போட்ட கையோட. மாடிப்படி ஏறி வந்து போர்டுகிட்ட நின்னாரு. தெக்கத்திக்காரரு போர்டத் தொறந்துட்டு, ஸ்குரூ டிரைவரோட நின்னாரு. அண்ணன் எம்பக்கம் திரும்பிக் கேட்டாரு, அதே மாதிரி, சாதாரணமா.

"கரண்டு இருக்குதா கண்ணு?"

மெயின இறக்கியிருந்தேன். சோலாரும் இறக்கியிருந்தேன். காலையில இருந்து பத்துத் தடவ பாத்திருந்தேன். இல்லீங்ணான்னு ஒரு வார்த்த சொல்லோணும், அவ்வளவுதான். "எனக்குத் தெரியாதுங்ணா"ன்னேன். உள்ள ஓடிப்போயி பீரோவுல வெச்சிருந்த அந்த டெஸ்டர எடுத்துட்டு வந்து, அவரோட எடது கையில குடுத்தேன். அழுகையும் ஆத்தரமும் ஒண்ணா வந்துருச்சு எனக்கு. அவரு மேலயே கத்துனேன்.

"இத வெச்சுப் பாருங்ணா. அன்னைக்கும் உங்க பாக்கெட்டுலதான இருந்துச்சு? ஏன் வெச்சுப் பாக்கல? சொல்லுங்ணா, ஏன் பாக்கல?"

அவரு டெஸ்டர எடது கையில புடிச்சுக்கிட்டு, பழக்கமில்லாத கையில, ஒவ்வொரு வயரா வெச்சுப் பாத்தாரு. லைட் எரியல. தெக்கத்திக்காரருகிட்டத் தலையாட்டுனாரு. அப்பறமாத்தான் சொன்னாரு, எம் மூஞ்சியப் பாக்காம.

"மத்தவங்க ஊடா இருந்தாப் பாத்திருப்பங் கண்ணு."